உறைந்த காலுக்கு ஒரு சப்பாத்து

ஐஸ் தொழிலில் முதலில் உறைவது தண்ணீர் இல்லை, அதைத் தூக்குகிறவனின் கால்.

ரொட்டி சுடுகிற வெதுப்பகத்திலோ ஆஸ்பத்திரியிலோ துறைமுகக் கேற்றிலோ இரவு முழுக்க நின்றுவிட்டு, ஊர் பல் துலக்குகிற நேரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சகோதரங்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஆள். ஊரடங்கு தொடங்க முன்னம் கேற்றைப் பூட்டினால் விடியத்தான் திறப்பார்கள். தகர அச்சுகளுக்குத் தண்ணீர் வார்த்து, உப்புத் தொட்டியில் இறக்கி, கட்டியானதும் தூக்கிக் கழற்ற வேண்டும். முழங்கால்வரை றப்பர் பூட்ஸ் போட்டாலும் தண்ணீர் உள்ளே போகும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், மிச்சப் படிப்பை ஐஸ் உறையும்வரை காத்திருக்கும் நேரங்களில், மீன் சுற்ற வந்த பழைய பேப்பர்களில் படித்தேன். என் பிள்ளைகளைக் கேட்டால், அப்பா என்பது பகலில் மூடிக் கிடக்கிற ஒரு போர்வை என்றுதான் சொல்லுவார்கள்.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கதை வந்தது. சீனன்குடாப் பக்கம் ஒரு கொம்பனி தீக்காவலுக்கு ஆள் எடுக்கப் போகிறதாம். பகல் வேலை! நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஏலாது. ஒரு மைல் ஓடிக் காட்ட வேண்டும். வெறுங்காலோடு விடமாட்டார்கள், சப்பாத்து கட்டாயம். எனக்கு நாற்பத்து நாலு. இதைத் தவறவிட்டால் மிச்சக் காலம் முழுக்க இரவுதான். கடைசியாக நான் ஓடியது ஊருக்குள் செல் குண்டு விழுந்த அன்று, அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேட்ட நிமிஷத்திலிருந்து என் கால் சும்மா நிற்கவில்லை.

கலியாணச் சப்பாத்து

என்னிடம் இருந்தவை றப்பர் பூட்ஸ், ஒரு சோடி செருப்பு, கலியாணத்துக்கு வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்து. வேலை முடிந்ததும் சைக்கிளைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு, முதல் நாள் செருப்போடு உட்துறைமுக வீதியில் ஓடினேன். கொஞ்சத் தூரத்தில் ஒரு செருப்பு என்னை முந்திக்கொண்டு போய்ச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. ஓட்டப்போட்டியில் அதற்குத்தான் முதலிடம்.

அடுத்த நாள் அலுமாரிக்கு அடியிலிருந்து கலியாணச் சப்பாத்தை எடுத்தேன். ஓடினால் குதிரை வண்டில் போகிற சத்தம். வீதி நடுவில் படுத்திருந்த நாய் ஒன்று எழும்பி மரியாதையாக வழி விட்டது. திரும்பி வரும்போது இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. எங்கள் எஞ்சினைப் பார்க்கிற ராசையா அண்ணை படியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். என் கலியாணத்துக்கு வந்து இரண்டு பந்தியிலும் இருந்து சாப்பிட்டவர். நொண்டி நொண்டி வந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உந்தச் சப்பாத்தோட நீ கலியாணத்தண்டெல்லோ ஓடியிருக்க வேணும். இப்ப காலம் பிந்திப் போச்சு, தம்பி."

ஆர் துரத்துறது?

இராணுவம் காவலிருக்கிற சென்றிக்கு முன்னால் சைக்கிளால் இறங்கி உருட்ட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஓடுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் காரணமில்லாமல் ஓடுகிற ஆள் ஊரில் இல்லை. பிறகு நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். சென்றி தெரிந்ததும் ஓட்டத்திலிருந்து இறங்கி நடப்பேன், கையை நன்றாக வெளியே வீசிக்கொண்டு. தாண்டியதும் திரும்ப ஏறி ஓடுவேன். புதிதாக ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். மூச்சு வாங்கத் தொடங்கிற இடத்தில் சரியாக ஒரு சென்றி வரும்.

ஆனால் முதன்முதலாகச் சென்றிவரை ஓடிய நாள் இந்த ஞானம் இல்லை. நேரே ஓடிப் போனேன். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். நின்று, சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கினேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த இளம் சிப்பாய் ஒருவன் வெளியே வந்தான்.

"ஆர் துரத்துறது?"

"ஒருத்தரும் இல்லை."

எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். வீதி வெறுமையாகக் கிடந்தது. "அப்ப எங்க போறது?"

"ஒரு இடமும் இல்லை. போய்த் திரும்பி வாறது."

அடையாள அட்டையைப் பார்த்தான். தொழிற்சாலைப் பாஸைப் பார்த்தான், அதில் இரவு வேலை என்று இருந்தது. சிவந்து கிடந்த என் கண்ணையும் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் கையில் தந்துவிட்டு, உண்மையான அக்கறையோடு சொன்னான்:

"ஒராளும் துரத்தவும் இல்லை, போக இடமும் இல்லை எண்டா, ஐயா, வீட்ட போய் நித்திரை கொள்ளுங்க."

ஹனீபா நானாவின் கடையில்

சம்பளம் கிடைத்த காலையே, வீட்டுக்குப் போகக்கூடப் பொறுமையில்லாமல், பூட்ஸைக் கழற்றிய கையோடு பெரிய கடைத் தெருவுக்குப் போனேன். ஹனீபா நானா அப்போதுதான் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஓடுறதுக்குச் சப்பாத்து வேணும் நானா" என்றேன். எடுத்துக் கொண்டுவந்தது நல்ல தடித்த கன்வஸ் சப்பாத்து, சண்டைக்குப் போகிறவர்கள் போடுகிற மாதிரிக் கடும் பச்சை. என் கையில் தரப் போனவர் அரைவழியில் நின்றார். "நீங்களா ஓடப் போறீங்க? ரோட்டிலயா?" "ஓம்." உடனே பச்சையைப் பெட்டிக்குள் வைத்து மூடி, வெள்ளையை எடுத்து வந்தார். ஏன் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

காலை விட்டேன். என்ன சுகம்! "விரல் முட்டுதா?" இல்லை. "குதி கடிக்குதா?" இல்லை. "பக்கம் இறுக்குதா?" எதுவுமே தெரியவில்லை நானா! இப்படி ஒரு சப்பாத்தை நான் வாழ்நாளில் போட்டதில்லை. சந்தோஷம் தாங்காமல் அலுமாரிக்கும் வாசலுக்கும் இடையில் ஓடினேன், இடம் போதவில்லை, தெருவில் இறங்கிப் பக்கத்துக் குடை திருத்துகிற கடைவரை போய்த் திரும்பினேன். நானா வாசலுக்கே வந்து நின்றார்.

"நடந்து பாக்கிற ஆக்கள் வருவாங்க, கண்டிருக்கன். நீங்க காசைக் குடுத்துப்போட்டு ஓடுங்க வாப்பா, சனம் பாத்தா வேற மாதிரி நினைக்கும்."

பின்னேரக் கால்

கொஞ்ச நாள் எல்லாம் சரியாகத்தான் போனது, அதாவது முதல் அரைவாசித் தூரம். பிறகு சூரியன் ஏற ஏறக் கால்விரல்கள் ஒவ்வொன்றாக முறையிடத் தொடங்கும். ஓடுகிறவனுக்கு நோவு வரத்தானே வேண்டும் என்று பெருமையாகப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு பெருவிரல் நகமும் நாவற்பழ நிறத்துக்கு வந்தன. அதையும் ராசையா அண்ணைக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஒரு பின்னேரம் நித்திரையால் எழும்பி, வேலைக்குப் போக முன்னம் ஒருமுறை ஓடலாம் என்று சப்பாத்தை எடுத்தால், கால் உள்ளே போகவில்லை. கதிரையில் இருந்து தள்ளினேன், நிலத்தில் குந்தி இழுத்தேன், சப்பாத்தின் நாக்கைப் பிடித்து உலுக்கினேன். குசினியிலிருந்து என் மனிசி எட்டிப் பார்த்தாள். "உந்தச் சப்பாத்தை எப்ப வாங்கினீங்கள்?" "வேலை முடிஞ்ச கையோட." வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக, உப்பி இருந்தது. "விடிய வரேக்க உங்கட கால் பெட்டியில கிடக்கிற மீன் மாதிரிக் குளிரும், சுருங்கிப் போய்க் கிடக்கும், கிள்ளினாலும் தெரியாது. அந்தக் காலுக்கோ அளவு பாத்து வாங்கினனீங்கள்?" அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் ஒன்றுமே தெரியாமல் போனது சப்பாத்தின் நன்மையால் இல்லை. என் கால்தான் அன்று விறைத்துப்போய் இருந்தது. அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்:

"சப்பாத்து வாங்கப் போகேக்க உங்கட காலையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே."

சீமெந்தில் பதிந்த கால்

வெள்ளைச் சப்பாத்து ராசையா அண்ணைக்குப் போனது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு ஓடத் தேவையில்லை. திரும்பவும் ஒரு பிழை விடக்கூடாது என்று நான் காலைப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் இடத்தில் அதற்கு வசதி இருக்கிறது. விடிய எல்லோரும் பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலோடு ஐஸ் ஏற்றுகிற சீமெந்துத் தளத்தைக் கடப்போம். அன்று குனிந்து பார்த்தேன். மற்றவர்களின் கால் அடையாளத்தில் உள்பக்கம் வளைந்து இடைவெளி விட்டிருந்தது. என்னுடையதில் இடைவெளியே இல்லை. முழுசாக, பலகை வைத்து எடுத்தது போல் இருந்தது. பூட்ஸைப் புரட்டினேன். உள்பக்கம்தான் தேய்ந்திருந்தது. அப்படியென்றால் என் கால் உள்ளே சரிகிறது, உள்பக்கம் உறுதியான சப்பாத்துத்தான் வேண்டும்! கண்டுபிடிப்பின் உற்சாகத்தில் கத்தியே விட்டேன்.

அவ்வளவுதான், வேலை நின்றது. ஆளாளுக்குக் காலை நனைத்துப் பதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ராசையா அண்ணை தன்னுடைய காலடியைச் சுற்றிக் கரியால் கோடு போட்டு, "இதுதான் லட்சணமான கால்" என்றார். அது அவருடையது இல்லை, என்னுடையது என்று ஒருவர் சண்டை பிடித்தார். சல்லிக் கிராமத்திலிருந்து மீனுக்கு ஐஸ் எடுக்க வந்த சிவலிங்கத்தார், கடலுக்குப் போக நேவி குடுத்த நேரம் போகுதெண்டு கத்திக்கொண்டே உள்ளே வந்தவர், எங்கள் ஆராய்ச்சியைக் கண்டு தானும் குனிந்தார். என் காலடியின் நீளத்தையும் அகலத்தையும் சாணால் அளந்தார்.

"ஐசே, உமக்குச் சப்பாத்துக் கடை சரிவராது. எங்கட கரைக்கு வாரும், ஒரு சோடி வள்ளம் பாத்து எடுப்பம்."

கரை காணாத சப்பாத்து

இந்த முறை லீவு நாள் பின்னேரம் போனேன். பாலையூற்றில் இருக்கிற வீட்டிலிருந்து கடைத்தெருவரை வெயிலில் நடந்தே போனேன், கால் தன்னுடைய முழு உரிமைக்கும் வீங்கட்டும் என்று. ஓடும்போது போடுகிற காலுறையும் சட்டைப் பைக்குள் இருந்தது. கதையைக் கேட்டு ஹனீபா நானா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இருந்த எல்லாச் சோடியையும் இறக்கினார். ஒன்று விரலில் முட்டியது, ஒன்றில் குதி தூக்கியது, ஒன்று நடுவில் பப்படம் மாதிரி மடிந்தது. எனக்கு முகம் விழுந்துபோனது. ஓட்டச் சோதனைக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம்தான் இருந்தது, யுத்த காலத்தில் கொழும்பிலிருந்து புதுச் சரக்கு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

நானா கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய், கடதாசியில் சுற்றிய ஒரு சோடியோடு வந்தார். "கப்பல்காரன் ஒருத்தன் தந்திட்டுப் போனது. தளத்தில மட்டும்தான் நடந்திரிக்கான். கரை காணாத சப்பாத்து." பிரித்தால் பழுத்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம்! பாடசாலைப் பிள்ளைகூடப் போட வெட்கப்படும். ஆனால் போட்டேன். முன்னால் ஒரு பெருவிரல் இடைவெளி. குதியைக் கெட்டியாகப் பிடித்தது. உள்பக்கத்தை அழுத்தினால் எதிர்த்து நின்றது. மடித்தால் விரல் பக்கம் மட்டும் மடிந்தது. நடந்தால், சகோதரங்களே, நிலம் என் காலை வாங்கித் திருப்பித் தந்தது. பதினெட்டு வருஷம் சீமெந்தில் நின்ற காலுக்கு அது எப்படி இருந்தது என்று உங்களுக்கு மட்டும்தான் விளங்கும்.

அடுத்த நாள் விடிய ஓடினேன். குடாவில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. இரண்டு சென்றிகளுக்கு இடையிலான தூரம் திடீரென்று குறைந்துவிட்டது போல் தோன்றியது, இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக நினைத்தேன். யாரும் இல்லாத இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். அந்த இளம் சிப்பாய் முன்னால் நின்றான். நான் வழக்கம்போல் இறங்கி நடந்தேன். அவன் கண் என் முகத்துக்கு வரவேயில்லை.

"சப்பாத்து நல்லம், ஐயா. இனி நீங்க வாறத அடுத்த சென்றிக்கு வோக்கியில சொல்லத் தேவையில்லை, அங்க இருந்தே தெரியும்."

சுற்றிவளைப்பு

சோதனைக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் எங்கள் பகுதியை இராணுவம் சுற்றிவளைத்தது. நான் ஓடி முடித்து, சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்த நேரம் ஒலிபெருக்கி கேட்டது, ஆண்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரட்டாம். உடுப்பு மாற்ற விடவில்லை. வெயிலில் வரிசை வரிசையாக இருந்தோம். சாரமும் செருப்புமாக இருந்த அத்தனை பேருக்கும் நடுவில் தோடம்பழ நிறத்தில் இரண்டு கால். அதிகாரி நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். "எழும்பு. இந்த வயசில உனக்கு இது என்னத்துக்கு? எங்க பயிற்சி? இயக்கத்திலயா?" பகல் வேலை, ஒரு மைல், தட்டையான கால் என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய்யாகப் பட்டது. பஸ்ஸில் ஏற்ற வைத்திருந்த ஆட்களோடு என்னைத் தள்ளி நிறுத்தினார்கள். அந்தப் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தூரத்தில் பெண்கள் கூட்டத்தில் மனிசியின் தலை தெரிந்தது. அந்த நேரம் எனக்குப் பகல் வேலை வேண்டியிருக்கவில்லை, அன்று இரவு வேலைக்குப் போனால் போதும் என்று இருந்தது.

மைதான வாசலில் காவலுக்கு நின்றவன் அந்தச் சென்றிப் பையன். என் காலைக் கண்டதும் வந்து அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அவர் நம்பவில்லை. கோல் கம்பத்தைக் காட்டி, "ஓடு, போய்த் திரும்பி வா" என்றார். நூற்றுக்கணக்கான ஆண்கள் பார்த்திருக்க, முதுகுக்குப் பின்னால் துவக்கு நீட்டியிருக்க, ஓடினேன். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், பயத்தில் மூச்சு எங்கேயோ. வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். திரும்பி வந்து நின்றபோது பையன் அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர் மெதுவாக எனக்குத் தமிழில் சொன்னார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது, அதைக் கேட்டுத்தான் அதிகாரி என்னை வீட்டுக்கு விட்டார்.

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன், சேர். பயிற்சி எடுத்த ஒருத்தனால இப்பிடி ஓட ஏலாது."

ஒரு மைல்

சோதனை நாளன்று கொம்பனி வளவுக்குள் தார் ரோட்டு உருகிக் கிடந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் என் மகன் வயது. ஒருவன் அண்ணனின் கிரிக்கெட் சப்பாத்து, ஒருவன் கடதாசி அடைத்த ஒபிஸ் சப்பாத்து, ஒருவன் ஒரு காலில் கறுப்பும் மறுகாலில் மண்ணிறமும். என்னைக் கண்டு "மாமா, உங்களுக்கு லைற் ஒண்டும் தேவையில்லை" என்றான் ஒருவன். விசில் ஊதியதும் எல்லோரும் பறந்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது தூசி.

ஆனால் கொஞ்சத் தூரத்தில் ஒரு காவல் கொட்டில் இருந்தது. உள்ளே கொம்பனியின் காவலாளி ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கொட்டிலைக் கண்டதும் முன்னால் போன அத்தனை இளைஞர்களும் சடாரென்று ஓட்டத்தை விட்டு, கையை வெளியே வைத்துக்கொண்டு, மெல்ல நடக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஏனடா நடக்கிறீங்கள்? ஓடுங்கோ, ஓடுங்கோ!" என்று கொழும்பிலிருந்து வந்த மனேஜர் நேரம் பார்க்கிற கடிகாரத்தோடு கத்துகிறார். நானும்தான் நடந்தேன், பழக்கம் விடுமா? ஆனால் நின்ற ஓட்டத்தை உடனே திரும்பத் தொடங்குவதில் அந்த வளவுக்குள் என்னைவிடப் பழகின ஆள் இல்லை. அவர்கள் மூச்சுக்கு அலைகையில் நான் ஏறிவிட்டேன். கிரிக்கெட்டைத் தாண்டினேன். குதியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இருந்த ஒபிஸைத் தாண்டினேன். இரண்டாம் சுற்றில் அதே கொட்டில், அதே நடை, இன்னும் நாலு பேரைத் தாண்டினேன்! கடைசியில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி வந்து கோட்டில் விழுந்தபோது எனக்கு முன்னால் இரண்டே பேர்தான்.

தண்ணீர் தந்தார்கள். பெயரைக் கேட்டார்கள். அடுத்த மாதம் விடிய வந்து சேரச் சொன்னார்கள். விடிய! நான் உற்சாகம் தாங்காமல், இன்னொரு சுற்று ஓடிக் காட்டட்டோ, இதைவிட வேகமாகவும் ஏலும் என்று மனேஜரிடம் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போதும் ஐயா, இனி ஓடத் தேவையில்லை. நெருப்பெண்டால் மற்ற எல்லாரும் ஓடுவினம், நீங்கள் மணியை அடிச்சுக்கொண்டு நிண்ட இடத்தில நிக்க வேணும், அதுக்குத்தான் சம்பளம்."

இரவெல்லாம் நிற்கிற வேலையிலிருந்து பகலெல்லாம் நிற்கிற வேலைக்குப் போய்ச் சேருவதற்குத்தான், சகோதரங்களே, நாற்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் ஓடிப் பழகினான்.